எலிக்கு வலி போச்சு, மனுஷனுக்குப் போகலையே! நிகோட்டின் வழி வலி மருந்துகள் ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை?

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப்புகள் காலையிலேயே கம்பம்மெட்டு சோதனைச்சாவடியைத் தாண்டிவிடும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை; அடியில், தரையை ஒட்டி ஓடும் சரங்களில் காய்க்கிறது. குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும். நாள் முழுக்க அப்படி இருந்தால் இடுப்பும் முட்டியும் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வலிக்கு மலையிலும் கீழேயும் ஒரு கைவைத்தியம் புழங்குகிறது. வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை. "பல்லு வலிக்குக்கூட பொகையில வெச்சா மட்டுப்படும்" என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை.

இந்த நேரத்தில்தான் செல்போனில் ஒரு செய்தி வருகிறது: 'நிகோட்டின் ஏற்பிகள் வழியாக வலியைக் குறைக்கும் புதிய மருந்து, எலிகளில் வெற்றி'. அப்போ பாட்டி சொன்னது சரிதானா?

பாதி சரி. அந்தப் பாதியை நம்பி விஞ்ஞானிகளும் மருந்து நிறுவனங்களும் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். மீதிப் பாதியில்தான் சிக்கல்.

நிகோட்டின் ஏற்பி என்றால் என்ன?

நரம்பிலிருந்து தசைக்கும், ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்கும் செய்தி கடத்த உடம்பு பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்று அசிடைல்கோலின். அது போய் ஒட்டிக்கொள்ளும் இடம்தான் ஏற்பி. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அது ஒரு மடை. ஐந்து பலகைகள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் ஒரு வழி. அசிடைல்கோலின் வந்து தொட்டதும் மடை திறந்து, தண்ணீருக்குப் பதிலாக சோடியம், கால்சியம் போன்ற அயனிகள் உள்ளே பாயும். நரம்பு விழித்துக்கொள்ளும்.

புகையிலைச் செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டத் தயாரிக்கும் நிகோட்டின், இதே மடையைக் கள்ளச்சாவி போட்டுத் திறக்கிறது. அதனால்தான் இந்த வகை ஏற்பிக்கு அதன் பெயரே வந்தது. 1905இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் லாங்லி, கோழியின் தசையில் நிகோட்டினை வைத்தால் அது சுருங்குவதையும், க்யூராரே என்ற அம்பு விஷம் அந்தச் சுருக்கத்தைத் தடுப்பதையும் காட்டினார். தசையில் 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்கிறது என்று அவர் அன்று எழுதியதிலிருந்துதான் 'ஏற்பி' என்ற கருத்தே மருந்தியலில் வேர்விட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மடைக்குப் பலகைகள் ஐந்துதான். ஆனால் மனித உடம்பில் பலகை வகைகள் 16. எது எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து மடையின் குணம் மாறும். ஆல்ஃபா-4 பீட்டா-2 சேர்க்கை மூளையில் அதிகம். அது திறந்தால் மூளைத்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்கு 'வலிச் செய்தியை மேலே விடாதே' என்ற உத்தரவு இறங்கும். நமக்கு வேண்டியது அதுதான். ஆல்ஃபா-3 பீட்டா-4 சேர்க்கையோ குடல், ரத்த அழுத்தம், இதயத்துடிப்பு ஆகியவற்றை நடத்தும் நரம்பு முடிச்சுகளில் இருக்கிறது. அதைத் தொட்டால் குமட்டல், வயிற்றுக் கலக்கம், படபடப்பு. முதன்முதலாகப் புகையிலை போட்டவர்களுக்குத் தலை சுற்றி வாந்தி வருமே, அந்த அனுபவத்தில் இந்த மடைகளுக்கும் பங்கு உண்டு.

ஒரு தவளையிலிருந்து தொடங்கிய கதை

நிகோட்டின் வலியைக் குறைக்கிறது என்பது 1930களிலேயே பூனைகளில் பார்க்கப்பட்டது. ஆனால் அதன் விளைவு சில நிமிடங்களே நின்றது; நச்சும் அதிகம். அதனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

திருப்பம் 1974இல் வந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஜான் டேலி, சார்லஸ் மையர்ஸ் என்பவரோடு எக்வடார் நாட்டுக்குப் போய், அங்குள்ள சின்னஞ்சிறு விஷத் தவளை ஒன்றின் தோல் சாற்றைச் சேகரித்தார். அதைச் சுண்டெலிக்குக் கொடுத்தபோது, எலி வாலை முதுகுக்கு மேலே வளைத்துத் தூக்கியது. மார்ஃபின் கொடுத்தால் எலி செய்வது அது. ஆச்சரியம் என்னவென்றால், மார்ஃபினை முறிக்கும் நாலாக்சோன் இந்தச் சாற்றை முறிக்கவில்லை. அப்படியானால் இது வேறு வழியில் வேலை செய்கிறது.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் போய் சுமார் 750 தவளைகளிலிருந்து எடுத்த சாற்றில், தேடிய பொருள் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே தேறியது. அன்றைய கருவிகளால் அவ்வளவு கொஞ்சத்தை வைத்துக் கட்டமைப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த தவளைகளிலோ அந்த விஷமே இல்லை. மாதிரியைப் பத்திரப்படுத்திவைத்துக் காத்திருந்தார் டேலி. 1992இல்தான் கட்டமைப்பு வெளியானது. பெயர் எபிபாட்டிடின். எலிகளில் மார்ஃபினைவிட சுமார் 200 மடங்கு வீரியம். பார்ப்பதற்கு நிகோட்டினின் ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருந்தது. வேலை செய்ததும் நிகோட்டின் ஏற்பிகளில்தான்.

ஆனால் எபிபாட்டிடினை அப்படியே மருந்தாக்க முடியாது. வலியைக் குறைக்கும் அளவுக்கும் உயிரைக் குடிக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. 16 பலகைகளில் அது பார்த்துப் பார்த்துத் தொடுவதில்லை. கிடைத்த மடையை எல்லாம் திறந்துவிடுகிறது.

நம்பிக்கை தந்த மாத்திரை, கவிழ்த்த எண்கள்

அப்போது அமெரிக்க நிறுவனமான அபோட், மறதி நோய்க்காக நிகோட்டின் சாயல் கொண்ட மூலக்கூறுகளைச் செய்துகொண்டிருந்தது. எபிபாட்டிடின் செய்தியைப் பார்த்ததும் அதே திசையில் தேடி ஏபிடி-594 என்ற மருந்துக்கு வந்து சேர்ந்தது. 1998 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவுகள் பெரிய செய்தியாயின. பல வகை வலிச் சோதனைகளில் எலிகளுக்கு மார்ஃபினுக்கு இணையான நிவாரணம். தொடர்ந்து கொடுத்து நிறுத்தியபோதும் மார்ஃபின் போன்ற விலகல் அறிகுறிகள் இல்லை. அடிமையாக்காத மார்ஃபின் வந்தேவிட்டது என்கிற தொனியில் தலைப்புகள்.

பிறகு மனிதர்களிடம் சோதித்தார்கள். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டுக் கால் எரிச்சலும் வலியும் உள்ள 266 பேர். சிலருக்கு வெற்று மாத்திரை. மற்றவர்களுக்கு தினமும் இரண்டு வேளை 150, 225 அல்லது 300 மைக்ரோகிராம் மருந்து. முடிவு 2009இல் வெளியானது.

இந்த இடத்தில் எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 0 முதல் 10 வரையான வலி அளவுகோலில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே சராசரியாக 1.1 புள்ளி குறைந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு மூன்று அளவுகளில் முறையே 1.9, 1.9, 2.0 புள்ளி. அதாவது மருந்து வேலை செய்தது, பொய் இல்லை. ஆனால் உண்மையான கூடுதல் பலன் ஒரு புள்ளிக்கும் கீழே.

அடுத்த வரிசை எண்கள்தான் மருந்தைக் கவிழ்த்தன. பக்கவிளைவு தாங்காமல் பாதியில் விட்டுப் போனவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 9 சதவீதம். மருந்துக் குழுக்களில் 28, 46, 66 சதவீதம். குமட்டல், வாந்தி, தலைசுற்றல், விசித்திரமான கனவுகள். அளவை 150இலிருந்து 300க்கு இரட்டிப்பாக்கினால் வலியில் கிடைத்த லாபம் 0.1 புள்ளி; ஓடிப் போனவர்களோ 100க்கு 28இலிருந்து 66 ஆனார்கள். இப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்த பிறகு எந்த நிறுவனமும் மேலே காசு போடாது.

அதே குடும்பத்தில் இன்னும் குறிபார்த்துச் செய்யப்பட்ட ஏபிடி-894 என்ற மருந்தின் சோதனை முடிவு 2012இல் வந்தது. குமட்டல் பிரச்சினை பெரிதாக இல்லை. ஆனால் வலியும் குறையவில்லை. ஒப்பீட்டுக்காக அதே சோதனையில் கொடுத்த டுலாக்செட்டின் என்ற பழைய மாத்திரை மட்டும் வேலை செய்தது.

எலி ஏன் நம்மை ஏமாற்றியது?

எலி ஏமாற்றவில்லை, நாம்தான் அதனிடம் தப்பான கேள்வியைக் கேட்டோம் என்று சொல்வது நியாயமாக இருக்கும்.

முதல் காரணம் கேட்கச் சிரிப்பாக இருக்கலாம்: எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. எலி, சுண்டெலி இரண்டுக்குமே உடலமைப்பிலேயே அந்தத் திறன் இல்லை. அவற்றின் அசௌகரியத்தை வேறு மறைமுக வழிகளில்தான் கணிக்க முடியும். வேறு விலங்குகளில் வாந்தியைச் சோதிக்கலாம்தான். ஆனால் 'நாள்பூரா குமட்டிக்கிட்டே இருக்கு, எனக்கு இந்த மாத்திரையே வேணாம்' என்று ஒரு மனிதர் எடுக்கும் முடிவு எந்தக் கூண்டிலும் பதிவாகாது.

இரண்டாவது, வலியை எப்படி அளக்கிறார்கள் என்பது. சூடான தட்டில் வைத்தால் எத்தனை வினாடியில் காலை உதறுகிறது, வாலில் சூடு பட்டால் எப்போது இழுத்துக்கொள்கிறது, மெல்லிய இழையால் பாதத்தில் குத்தினால் எவ்வளவு அழுத்தத்தில் விலகுகிறது. இவை அனிச்சைச் செயல்கள். பத்து வருடம் ஏலக்காய் எடுத்த இடுப்பின் வலி, தூக்கத்தையும் நாளைய கூலியைப் பற்றிய கவலையையும் சேர்த்துக்கொண்ட வலி. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது. தவிர, எலி தசையின் இயக்கத்தையே மந்தமாக்கும் மருந்தைக் கொடுத்தாலும் அது காலை மெதுவாகத்தான் உதறும். வலி குறைந்துவிட்டது என்று தோன்றும். நல்ல ஆய்வுகள் இதைத் தனியாகச் சரிபார்க்கும்.

மூன்றாவது காரணம் கடலிலிருந்து வருகிறது. கூம்பு நத்தை என்று ஒரு வகை. மன்னார் வளைகுடா முதல் ஆஸ்திரேலியா வரை வெப்பக் கடல்களில் வாழ்வது. அழகான ஓடு, ஆனால் விஷ ஊசி வைத்திருக்கும். நம் கடற்கரை நத்தைகளின் விஷப் புரதங்களையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ப. பலராம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எஸ். கிருஷ்ணன் போன்றவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய நத்தை ஒன்றிலிருந்து எடுத்த விசி1.1 என்ற பொருள், எபிபாட்டிடினுக்கு நேரெதிராக, ஆல்ஃபா-9 ஆல்ஃபா-10 என்ற மடையை அடைத்து வலியைக் குறைத்தது. எலிகளில் நல்ல பலன். மனிதச் சோதனையும் தொடங்கியது. 2007இல் நிறுத்திவிட்டார்கள். காரணம், எலியின் மடையை அடைக்கும் அந்தப் பொருள், மனிதனின் அதே மடையை மிகப் பலவீனமாகவே அடைக்கிறது என்று தெரியவந்தது. பலகையில் சில அமினோ அமிலங்கள் மாறினாலே சாவி பொருந்தாது.

இன்றைய நிலவரம் என்ன?

கதை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்கின்டோஷ், பால்டொமெரோ ஒலிவெரா ஆகியோர் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, கரீபியன் நத்தை ஒன்றின் விஷத்தைத் திருத்தி, மனித ஏற்பியிலும் எலி ஏற்பியிலும் ஒரேபோல் பொருந்தும்படி ஆர்ஜிஐஏ4 என்ற பொருளை உருவாக்கினார்கள். புற்றுநோய்க்குத் தரும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்தால் வரும் நரம்பு வலியை அது எலிகளில் தடுத்தது. மருந்து உடம்பை விட்டுப் போன பிறகும் சில நாள் பலன் நீடித்தது. இது 2017இல் வெளியான ஆய்வு. மூளைக்குள் போகாமல் வேலை செய்வதால் அடிமையாதல் பயமும் குறைவு. நிகோட்டின் வழி மருந்துகளில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது இந்தத் திசைதான். ஆனால் இதுவும் இதுவரை எலிக்கதை என்பதை மறக்கக் கூடாது.

'நத்தை விஷத்தில் வலி மருந்து ஏற்கெனவே வந்திருக்கே' என்று சிலர் கேட்கலாம். வந்தது, சிகோனோடைடு, 2004இல் அமெரிக்காவில் அனுமதி. ஆனால் அது நிகோட்டின் ஏற்பி மருந்து அல்ல, கால்சியம் வழியை அடைப்பது. அதுவும் முதுகுத்தண்டு நீருக்குள் பம்ப் வைத்துச் செலுத்த வேண்டியது.

அப்போ வாயில் ஒதுக்கும் புகையிலை?

மனிதர்களில் சுத்தமான நிகோட்டினையே சோதித்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூக்கு ஸ்பிரேயாகவோ தோலில் ஒட்டும் பட்டையாகவோ கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்தது. 24 மணி நேரத்தில் வலி 10க்கு ஒரு புள்ளிக்கும் குறைவாகவே தணிந்தது; ஆதாரத்தின் தரமும் தாழ்வு; குமட்டல் கூடியது. திரும்பவும் அதே கதை.

புகையிலையை வெற்றிலையோடு மெல்லும்போது சுண்ணாம்புக்கு ஒரு வேலை இருக்கிறது. அது வாயைக் காரத்தன்மைக்கு மாற்றுகிறது. காரத்தில் நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாகச் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். கொஞ்ச நேரம் வலி மட்டுப்படுவது போலிருப்பது முழுக்கப் பிரமை இல்லை. ஆனால் தினமும் போடுபவரின் ஏற்பிகள் பழகிப்போய் மரத்துவிடும். புகையிலை போடாத நேரத்தில் வலி உணர்வு வழக்கத்தைவிடக் கூடும். அடுத்த சுருளைப் போட்டதும் அது இறங்கும். 'பொகையிலதான் வலியத் தீர்த்துச்சு' என்று தோன்றும். வட்டி கட்டுவதற்கே கடன் வாங்கும் கதை இது. புகைபிடிப்பவர்களிடையே நாள்பட்ட முதுகுவலி மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

பல் வலியில் இன்னும் மோசம். மரத்துப்போன வலி, சொத்தையையோ சீழையோ மறைத்துவிடும். வாயில் ஒரே இடத்தில் ஒதுக்கி ஒதுக்கி அங்கேயே புண்ணாகும். மெல்லும் புகையிலை, கொட்டைப்பாக்கு இரண்டையுமே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவதொரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 20 சதவீதம்; கேரளாவில் 12.7. கம்பம்மெட்டு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிறது. காலையில் கீழிருந்து ஏறி மாலையில் இறங்கும் தொழிலாளியைத் தனியாகக் காட்டும் வரி அந்த மாநில அட்டவணைகளில் கிடையாது.

தோட்டத்திலும் இதே ஏற்பிதான்

கிளைக்கதைதான், ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. புகையிலைக் கஷாயம் தெளித்துப் பூச்சி விரட்டுவது நம் விவசாயிகளுக்குப் பழைய பழக்கம். அது வேலை செய்வதும் பூச்சியின் நிகோட்டின் ஏற்பியில். அதே யோசனையை ஆய்வகத்தில் செம்மைப்படுத்தி வந்தவைதான் இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு பூச்சிக்கொல்லிகள். இமிடாகுளோபிரிட்டின் கட்டமைப்பில் குளோரின் ஏறிய பிரிடின் வளையம் ஒன்று இருக்கும். எக்வடார் தவளையின் எபிபாட்டிடினிலும் அதே வளையம்! இது பூச்சியின் ஏற்பியில் இறுக்கமாகவும் மனித ஏற்பியில் தளர்வாகவும் ஒட்டும் என்பதால்தான் விற்பனைக்கு அனுமதி. குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் கதை வேறு. அவை அசிடைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்குகின்றன; மடை மூடாமலே கிடக்கும், மனிதனுக்கும்தான். எச்சில் வடிதல், கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு, தலைசுற்றல் எல்லாம் அதன் அடையாளங்கள். மருந்தடித்த தோட்டத்தில் வேலை செய்துவிட்டுக் கை கழுவாமல் வெற்றிலை மடிப்பவருக்குக் குமட்டல் வந்தால், அது புகையிலையா பூச்சிமருந்தா என்று அவருக்கே தெரியாது. மருத்துவரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்.

வலிக்கு வேறு என்ன இருக்கிறது?

நரம்பு வலிக்கு டுலாக்செட்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை மருத்துவர் சீட்டில் கிடைக்கின்றன. நாள்பட்ட முதுகுவலிக்கு முதலில் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல, உடற்பயிற்சியையும் இயன்முறை சிகிச்சையையும். குனிந்தே செய்யும் வேலையில் இடையிடையே எழுந்து நிற்க நேரம் கிடைத்தாலே பாதி உதவி. அது தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. புற்றுநோய் போன்ற கடும் வலிக்கு மார்ஃபின்தான் இன்றும் முதுகெலும்பு. 1993இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் சகாக்களோடு தொடங்கிய வலி நிவாரண மையம் கேரளம் முழுக்கப் பரவி, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. மார்ஃபின் பெறுவதற்கான சட்டச் சிக்கலை நாடாளுமன்றம் 2014இல் தளர்த்தியது.

புகையிலையை விட நினைப்பவர்களுக்குக் கட்டணமில்லாத தேசிய உதவி எண் 1800-112-356. அதை விடுவதற்கு மருத்துவர்கள் தரும் சூயிங்கமிலும் பட்டையிலும் இருப்பது நிகோட்டின்தான். வெரெனிக்ளின் என்ற மாத்திரையோ மூளையின் அந்த ஆல்ஃபா-4 பீட்டா-2 மடையைப் பாதி மட்டும் திறந்து வைக்கிறது. நிகோட்டின் ஏற்பியைக் குறிவைத்து வலிக்கு இதுவரை ஒரு மருந்தும் மருந்துக்கடைக்கு வரவில்லை. புகையிலையை விடுவதற்கு வந்திருக்கிறது.